தலைகீழாக வந்த விருந்தாளிகள்

ரோஸ்வீதா கிளெம் சிரித்தால் ரயில் நின்றுவிடும் என்று எங்கள் பள்ளத்தாக்கில் சொல்வார்கள். சும்மா சொன்ன பேச்சில்லை, ஒருமுறை நிஜமாகவே நின்றது. ஹைன்ஸ்பெர்க்கிலிருந்து மலையேறும் குட்டி நீராவி ரயிலில் அவள் சீட்டுப் பரிசோதகர். வண்டி கிளம்பலாம் என்று பச்சைத் தட்டியை உயர்த்திக் காட்டுவதும் அவள் வேலைதான். அன்றைக்கு ஒரு பெரியவர் கூடையில் வாத்தோடு வந்து, "இதுக்கு முழுச் சீட்டா, அரைச் சீட்டா?" என்று கேட்டிருக்கிறார். அவள் பதில் சொல்வதற்குள் வாத்து கழுத்தை நீட்டி, சீட்டில் ஓட்டை போடும் கருவியைக் கவ்விக்கொண்டது. அவ்வளவுதான். ரோஸி நடைமேடையில் இரண்டாக மடிந்துவிட்டாள். தட்டி உயரவேயில்லை. என்னவோ ஏதோ என்று ஓட்டுநர் இறங்கி வந்தார். விசாரிக்க வந்தவரும் சிரிக்கத் தொடங்கியதில் வண்டி பன்னிரண்டு நிமிடம் தாமதம்.

நான் அவள் வீட்டுக்கு மேல்மாடி. பெயர் ஊர்ஸெல். எங்கள் ஃப்ரைதால் ஊரின் கேமரா ஆலையில் ஷட்டர் பொருத்தும் வரிசையில் பதினாறு வருடம் உட்கார்ந்தவள். நாங்கள் செய்தது பெரிய மனிதர்களின் கேமரா அல்ல. கடற்கரைக்கும் பிறந்தநாளுக்கும் தோளில் மாட்டிக்கொண்டு போகிற சின்ன பைரெட். தெருவுக்கு நாலு வீட்டில் அது இருக்கும்.

ரோஸிக்கு நாற்பது முடிந்த அன்று அவள் கணவன் கொட்ஹார்ட் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். எஃகு ஆலைக்காரன், பேச்சில் கஞ்சன். காலைக் காப்பி மேசையில் பொட்டலத்தை வைத்து, "இந்தா," என்றான். அந்த மாதத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று ரோஸி மாடியேறி வந்து என்னிடம் சொன்னாள்.

"ஊர்ஸெல், இதை எப்படிடி வேலை வாங்கறது?"

நான் காட்டினேன். "இந்த வளையத்துல பாரு. ஒரு தலை போட்டிருக்கா? கிட்ட நிக்கறவங்களுக்கு. மூணு தலை, கூட்டத்துக்கு. மலை, தூரத்துக்கு. இந்தப் பக்கம் வெயில், மேகம். வானத்தைப் பாத்துத் திருப்பிக்கோ."

"இவ்வளவுதானா? கூழ் காய்ச்சறதே இதைவிடக் கஷ்டம்!"

"இரு, ஃபிலிம் சுருள் போடறதைப் பாரு. ரெண்டு டப்பா. இடது டப்பாவுல இருக்கற சுருள் ஒவ்வொரு படத்துக்கும் நகர்ந்து வலது டப்பாக்குள்ள போயிடும். பன்னெண்டு படம் ஆனதும் வலது டப்பாவை எடுத்துக் கழுவக் குடுக்கணும். சுருட்டற வேலையெல்லாம் கிடையாது."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே. ரெட்டைப் புள்ளைங்க கணக்கா."

"அதான் சொல்றேன், எடுத்து முடிச்ச டப்பா மேல பேனாவால ஒரு கோடு போட்டுடு. மறந்துடாத."

"கோடு என்ன, பூவே வரையறேன் போ!"

அவள் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேமராவைக் கண்ணில் வைத்த உடனே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஏன் என்று கேட்டால், "அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ள எல்லாரும் பொம்மை மாதிரி இருக்காங்கடி, அதுவும் என்னைப் பாத்து முறைச்சுக்கிட்டு!" என்பாள். சிரிப்பில் கை ஆடும். அதனால் பாதிப் படத்தில் எல்லோரும் புகைபோல இருப்பார்கள். ஆனால் மீதிப் பாதி இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும். அவள் சிரிப்பதைப் பார்த்து எதிரே நிற்பவர்களும் சிரித்துவிடுவார்கள். எங்கள் தெருவில் பல் தெரியாத ஆள் என்று பெயர் வாங்கிய தபால்காரருக்குக்கூடப் பல் உண்டு என்று அவள் படத்தில்தான் தெரிந்தது. இரண்டு தங்கப் பல்.

எழுபத்தாறாம் வருடம் ஜூலையில் ரோஸியும் கொட்ஹார்டும் ப்ரேரோ கடற்கரைக்குக் கூடாரம் எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே எல்லோரும் பிறந்த மேனியாகத்தான் குளிப்பார்கள், பந்து விளையாடுவார்கள், படுத்துக்கொண்டு பத்திரிகை படிப்பார்கள். அதில் ஒன்றுமில்லை, எங்களில் பாதிப்பேர் அப்படித்தான். இரண்டு வாரம் கழித்து ரொட்டி நிறத்தில் திரும்பி வந்தாள். "ஒரு டப்பா முழுக்க எடுத்தேன்டி, அலை, மணல், பந்தாட்டம் எல்லாம். கழுவக் குடுக்கணும்," என்றாள். கொடுக்கவில்லை. டப்பா அவள் கைப்பையில் சீப்புக்கும் இருமல் மிட்டாய்க்கும் நடுவே கிடந்தது. அதன் மேல் கோடும் இல்லை, பூவும் இல்லை.

எங்களில் இன்னொரு பாதியும் உண்டு. அந்தப் பாதிக்குத் தலைவி எதிர்வீட்டு ஹில்ட்ரூட் நோவாக். பள்ளிக்கூடச் சமையலறையின் மேற்பார்வையாளர். கரண்டியைக் கையில் எடுக்காமலே நானூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைப்பவள். முற்றத்துத் துணிக்கொடியில் ஒரு நாள் அவள் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: "உள்ளாடைகளைத் தெருப்பக்கம் காயப்போட வேண்டாம்." பெயர் குறிப்பிடவில்லை. தெருப்பக்கம் தொங்கியதெல்லாம் ரோஸியுடையது.

கடற்கரை என்ற சொல்லைக் கேட்டாலே நோவாக்கம்மாவின் மூக்கு சுருங்கும். "நாங்க துரிங்கியா காட்டுக்குத்தான் போவோம். எனக்கு முதுகு வலி, அர்னோவுக்கு மூச்சு. காட்டுக் காத்து சுத்தமானது. கடற்கரையில ஜனங்க எந்த லட்சணத்துல திரியறாங்கன்னு எனக்குத் தெரியாதா என்ன?" என்பாள். அவள் கணவர் அர்னோ பக்கத்தில் நின்று தொப்பியைத் திருகிக்கொண்டிருப்பார். அவர் வாய் திறந்து நான் பார்த்தது சாப்பிடும்போது மட்டும்தான்.

செப்டம்பரில் அவர்கள் மகள் கரோலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஃபால்க், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், நல்ல உயரம், வாயாடி. தெருவையே அழைத்திருந்தார்கள். நகராட்சி மன்றத்தில் கையெழுத்து முடிந்ததும், எல்லோரும் வைசெரிட்ஸ் ஆற்றங்கரை விடுதிக்கு நடந்தோம். படம் எடுக்க திரெக்ஸ்லர் என்ற படக்காரர் வந்திருந்தார். பெரிய கேமரா, மூன்று கால் தாங்கி, கழுத்தில் டை. நோவாக்கம்மா அவரைப் பார்த்த பார்வையில், 'பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டு விசேஷம் எப்படி நடக்கிறதென்று' என்பது எழுதியிருந்தது.

திரெக்ஸ்லருக்கு எல்லோரும் ஒரே படத்தில் வரவேண்டும். நாங்கள் அறுபது பேர். தாங்கியைத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போனார், கண்ணை வைத்துப் பார்த்தார், போதவில்லை.

"இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க! நான் கொஞ்சம் பின்னாடி போறேன்."

போனார்.

"சார், பின்னால..." என்றான் ஃபால்க்.

"பேசாதீங்க மாப்பிள்ளை, வாய் கோணிடும்! இன்னும் ஒரே அடி."

அந்த ஓரடியில் ஆறு இருந்தது. முதலில் அவர் போனார், பிறகு தாங்கி, பிறகு தொப்பி. முழங்கால் தண்ணீர்தான். உட்கார்ந்தபடியே தலை தெரிந்தது. கேமராவை இரண்டு கையாலும் உச்சிக்கு மேல் பிடித்திருந்தார். அதிலிருந்து கெட்டிலில் இருந்து ஊற்றுவதுபோல் தண்ணீர் கொட்டியது. கொட்ஹார்டும் ஃபால்க்கும் பாய்ந்து தூக்கினார்கள். ஒரு கீறல்கூட இல்லை. "என் கேமரா, என் கேமரா," என்று பற்கள் தந்தியடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். விடுதிக்காரர் அவரைப் போர்வையில் சுற்றி அடுப்படியில் உட்கார வைத்தார்.

ரோஸி அந்த நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கக்கூடாது என்று கைக்குட்டையை வாயில் திணித்திருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடியது.

நோவாக்கம்மா முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. "கல்யாணத்துக்குப் படம் இல்லையா? ஒரு படமும் இல்லையா?"

மணப்பெண் கரோலா, அவளுக்கு ஏற்கெனவே சிரிப்புத் தாங்கவில்லை, ரோஸியின் கைப்பையைக் காட்டினாள். "ரோஸியக்காகிட்ட கேமரா இருக்கும்மா!"

"அந்தப் பொட்டிக் கேமராவா? அதுல என்ன தெரியும்?"

"நோவாக்கம்மா, நீங்க அழகா நில்லுங்க. தெரியவேண்டியதெல்லாம் தெரியும்," என்றாள் ரோஸி, கைக்குட்டையை வெளியே எடுத்து.

இந்த வாக்கை அவள் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். கையைப் பைக்குள் விட்டுத் துழாவி ஒரு டப்பாவை எடுத்தாள், கேமராவின் இடது பக்கம் போட்டாள், 'டக்' என்று மூடினாள். நான் கேமரா ஆலைக்காரி. கேட்டிருக்க வேண்டும். ஆனால் நான் அப்போது விடுதிக்காரர் எடுத்து வந்த பன்றி வறுவல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

விடுதியின் பெரிய கருவாலி மரக் கதவுக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தினாள். வளையத்தை மூன்று தலைக்குத் திருப்பினாள். பன்னிரண்டு படம். ஆண்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டு, கதவும் கறுப்பு, நடுவில் வெள்ளைப் பூப்போல கரோலா. ரோஸி கேமராவுக்குப் பின்னால் குலுங்க, நாங்கள் அதற்கு எதிரே குலுங்கினோம். நோவாக்கம்மா மட்டும் உதட்டைத் தையல் போட்டதுபோல் வைத்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை மதியம், என் வீட்டுக் கதவு இடிபட்டது. திறந்தால் ரோஸி. சீருடைத் தொப்பி ஒருபக்கம் தொங்க, கையில் படக் கவர்.  நேரே சமையலறைக்குப் போய் நாற்காலியில் விழுந்தாள்.

"என்னடி, யாருக்காவது ஏதாவதா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். "கடைக்காரி... கவரைக் குடுத்துட்டு... சொல்றா... 'உங்க குடும்பத்துல தேவதைங்க ஜாஸ்தி போல'ன்னு..."

படங்களை மேசையில் பரப்பினேன்.

முதல் படம். கரோலாவும் ஃபால்க்கும் அழகாக நிற்கிறார்கள். அவர்களுக்கு மேலே, இருட்டுக் கதவில், நாலு பேர் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்குகிறார்கள். நாலு பேர் உடம்பிலும் ஒரு நூல் இல்லை. ஒருவன் கையில் பந்து.

இரண்டாவது படம். ஃபால்க்கின் அப்பா கறுப்புக் கோட்டில் விறைப்பாக நிற்கிறார். கோட்டின் மார்பில், பதக்கம் குத்துகிற இடத்தில், யாரோ ஒருவருடைய வெள்ளைப் பின்புறம்.

"ரோஸி, கடற்கரைச் சுருளையே திரும்பப் போட்டிருக்க! அந்தப் படத்து மேலேயே இந்தப் படமும் விழுந்திருக்கு!"

"தெரியுதுடி..."

"அதுவும் வலது பக்கம் இருந்த டப்பாவைத் திருப்பி இடது பக்கம் போட்டிருக்க. அதனாலதான் அவங்கல்லாம் தலைகீழா..."

"விளக்கம் குடுக்காதடி, செத்துடுவேன்!"

நானும் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எத்தனை நேரம் என்று தெரியாது. ஒரு படத்தை எடுப்போம், மூச்சு வாங்குவோம், அடுத்ததை எடுப்போம். மணப்பெண்ணின் வெள்ளை உடுப்பில் ஒன்றும் பதியவில்லை. கறுப்பு இருந்த இடமெல்லாம் ப்ரேரோ. ஏழாவது படத்துக்கு வந்தபோது ரோஸியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் சிரிப்பு பாதியில் நின்று நான் பார்த்தது அதுவே முதல்முறை.

ஏழாவது படத்தில் மணமக்களுக்கு நேர்மேலே ஒரு பெண் இரண்டு கையையும் விரித்துப் பாய்ந்து வருகிறாள். எங்கோ பார்த்த முகம். நான் படத்தைத் திருப்பினேன். அப்போது மணமக்கள் தலைகீழானார்கள், அந்தப் பெண் நேரானாள். பந்தைப் பிடிக்க மணலிலிருந்து ஒரு முழம் உயரம் எம்பியிருக்கிறாள். முடி பறக்கிறது. வாய் முழுக்கத் திறந்த சிரிப்பு. பின்னால் தொப்பியை மட்டும் அணிந்த ஓர் ஆள் கைதட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தொப்பியை எங்கள் தெருவுக்கே தெரியும்.

"அர்னோ," என்றேன்.

"அப்ப இது..." ரோஸி படத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். "ஊர்ஸெல். இது நோவாக்கம்மா."

"துரிங்கியா காட்டுக்குன்னுல்ல போனாங்க!"

"நான் கூட்டத்தைத்தான்டி எடுத்தேன். தூரத்துல விளையாடினவங்களை யாருன்னு பாத்தேனா? மலை போட்டு எடுத்தேன்!"

இனி என்ன செய்வது? அடுப்பில் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். இல்லையென்றால் இந்தக் கேமராவும் ஆற்றில் விழுந்ததாகச் சொல்லிவிடலாம். ரோஸி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு வருஷமா எதிர்வீட்டுல இருக்கேன். இவ சிரிச்சு நான் பாத்ததில்லை. எவ்வளவு அழகா இருக்கா பாரு. இதை எப்படிடி எரிக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை நோவாக் வீட்டில் காப்பிக்குக் கூப்பிட்டிருந்தார்கள், படம் பார்க்கத்தான். பிளம் கேக், மேலே பாலேடு, ஓரத்தில் தங்கக் கோடு போட்ட கோப்பைகள். கரோலாவும் ஃபால்க்கும் சோபாவில். ரோஸி, கொட்ஹார்ட், நான் மூவரும் நாற்காலி நுனியில். ரோஸி ஒரு துண்டு கேக்கைக்கூடத் தொடவில்லை. அது அவளுக்குச் சாதாரணமல்ல.

"முதல்லயே சொல்லிடறேன்," என்று ஆரம்பித்தாள். "தப்பு என்னோடது. கேமராவோடது இல்ல, கடைக்காரங்களோடது இல்ல. எடுத்த டப்பாவையே மறுபடி போட்டுட்டேன். அதனால உங்க கல்யாணத்துக்கு... அழைக்காத கொஞ்சம் பேரு வந்திருக்காங்க."

கவர் கைமாறியது. ஃபால்க் முதல் படத்தைப் பார்த்தான். இரண்டாவதைப் பார்த்தான். அவன் அப்பாவின் மார்பைப் பார்த்தான். சோபாவிலிருந்து கீழே சரிந்துவிட்டான். கரோலா அவன் மேல் விழுந்தாள். "அப்பாவுக்கு... மெடல்... குடுத்துட்டாங்க!" என்று அவன் கம்பளத்தில் கிடந்தபடி கத்தினான்.

நோவாக்கம்மா படங்களை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்து, மேசையில் கவிழ்த்து வைத்தாள். "அசிங்கம்," என்றாள். அடுத்தது. "வெட்கங்கெட்ட ஜனங்க." அடுத்தது. ஏழாவது அவள் கைக்கு வந்தது. என் கண்ணை நான் காப்பிக் கோப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

 நோவாக்கம்மா அந்தப் படத்தை மட்டும் கவிழ்க்காமல் பிடித்திருந்தாள். கரோலா அம்மாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "யாரும்மா இது, பறவை மாதிரி?" என்றாள். ஃபால்க் எழுந்து வந்து, பேருந்து எஞ்சினைப் பார்க்கிறவன் போலத் தலையை முழுக்கச் சாய்த்தான்.

"அத்தை," என்றான் மெதுவாக. "இது நீங்க."

 கொட்ஹார்ட் இருமினான்.

அப்போதுதான் அர்னோ பேசினார். "நாலு வருஷமா போறோம்," என்றார். எல்லோரும் திரும்பினோம். அவர் குரல் அவ்வளவு கணீரென்று இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. "முதல் வருஷம் துரிங்கியாவுல பதினாலு நாளும் மழை. பதினஞ்சாம் நாள், கடலைப் பாத்துட்டுத் திரும்பிடலாம்னு போனோம். ஹில்ட்ரூட் தண்ணிக்குள்ள இறங்கினா. அப்புறம் வெளிய வரமாட்டேன்னுட்டா."

"அர்னோ!"

"முதுகு வலியும் போச்சு. எல்லாரையும் பந்தாட்டத்துல ஜெயிச்சிடுவா. ரோஸ்டாக்லேருந்து வந்த மீன்பிடிக்காரங்க இவளை 'சுறா'ன்னுதான் கூப்பிடறாங்க."

"அர்னோ, வாயை மூடுங்க!"

"இருவத்தியாறு வருஷமா மூடித்தானே வெச்சிருந்தேன்," என்றார் அர்னோ. ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டார்.

நோவாக்கம்மா எழுந்தாள். படத்தோடு சமையலறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு விம்முவதுபோல் ஒரு சத்தம்.  "நான் போய் மன்னிப்புக் கேக்கறேன்," என்று ரோஸி எழுந்து கதவைத் தட்டாமலே திறந்தாள்.

நான் பின்னாலேயே போனேன். நோவாக்கம்மா கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் இரண்டும் குலுங்கின. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கையிலிருந்த படத்தை எங்களுக்கு நீட்டினாள்.

"இவரு," என்றாள், "தொப்பியையாவது... கழட்டியிருக்கலாம்ல!"

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. அது அழுகை இல்லை. நாற்பத்தொன்பது வருடம் உதட்டுக்குப் பின்னால் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் அணை உடைந்து வந்தது. ரோஸி அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், பள்ளிக்கூடச் சமையல் மேற்பார்வையாளரும் ரயில் சீட்டுப் பரிசோதகரும். வெளியே கரோலா, "அம்மாவா அது? அம்மாவா சிரிக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

முட்டையும் சர்க்கரையும் கலந்த மது பாட்டில் திறந்தது. இரண்டாவது கோப்பையில் நோவாக்கம்மா மேசையைத் தட்டினாள்.

"சரி, தேவதைங்க வந்தாங்க, சந்தோஷம். ஆனா என் பொண்ணுக்கு ஒழுங்கா ஒரு கல்யாணப் படம் வேணும். அடுத்த சனிக்கிழமை எல்லாரும் திரும்ப வரணும். அதே இடம், அதே கோட்டு."

"உடுப்பை வாடகைக் கடையில திருப்பிக் குடுத்துட்டோமேம்மா," என்றாள் கரோலா.

நோவாக்கம்மா எழுந்து வரவேற்பறை ஜன்னலின் பூவேலைத் திரையைப் பார்த்தாள். அவள் அதை வாரந்தோறும் துவைத்து இஸ்திரி போடுகிறவள், யார் விரலும் பட விடமாட்டாள். நாற்காலியில் ஏறி, ஒரே இழுப்பு. கம்பியோடு வந்தது.

"இந்தா உடுப்பு."

அடுத்த சனிக்கிழமை அறுபது பேருக்குப் பதில் எண்பது பேர் வந்தார்கள். விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டது, வராமல் யார் இருப்பார்கள்? படக்காரர் திரெக்ஸ்லரும் வந்தார், விருந்தாளியாக. அவர் ஆற்றுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்களை ஃபால்க் நியமித்திருந்தான். கரோலா ஜன்னல்திரையில் ராணி மாதிரி நடந்து வந்தாள். இடுப்பில் ஓரிடத்தில் திரை வளையம் ஒன்று கழற்றாமல் தொங்கி, நடக்கும்போது கிணுகிணு என்றது.

ரோஸி புதுச் சுருளை எடுத்தபோது எண்பது பேரும் வட்டமாகச் சூழ்ந்துகொண்டார்கள்.

"புதுசுதானே?"

"முகர்ந்து பாரு, கடல் வாசனை வருதா?"

"கோட்டைக் கழட்டிட்டே நிக்கறோமே, எப்படியும் அப்படித்தானே வரப்போறோம்!"

"போங்கய்யா அந்தப் பக்கம்!" என்றாள் ரோஸி. "ஊர்ஸெல், நீ பாத்துச் சொல்லு." நான் டப்பாவை வாங்கி, ஆலையில் பரிசோதிப்பதுபோல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "புதுசு!" என்று அறிவித்தேன். கைதட்டல் எழுந்தது. திரெக்ஸ்லர் அவளிடம் வந்து, கேமராவைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "இவ்வளவு சின்னதா இருக்கு. ஆனா தண்ணியில விழாத கேமராதான் நல்ல கேமரா," என்றார். வாத்தும் வந்திருந்தால் ரோஸி அந்த இடத்திலேயே விழுந்திருப்பாள்.

அன்று நோவாக்கம்மா நடுவரிசையில் நின்றாள். ரோஸி கேமராவைக் கண்ணில் வைத்ததும் அவளைப் பார்த்தாள், அவள் ரோஸியைப் பார்த்தாள். பிறகு யார் முதலில் சிரிக்கத் தொடங்கியது என்பதில் இன்றுவரை வழக்கு உண்டு. மாலை நாலு மணிவரை விடுதியில் அக்கார்டியன் வாசித்தார்கள். அர்னோ மூன்று பாட்டுப் பாடினார். மூன்றிலும் சொற்கள் முழுக்கத் தெரிந்திருந்தன.

புதுப் படங்கள் பன்னிரண்டில் ஒன்பது தெளிவாக வந்தன. இரண்டு புகை. ஒன்றில் எண்பது பேரின் செருப்புகள் மட்டும். கரோலா ஒன்பதையும் ஆல்பத்தில் ஒட்டினாள். ஆனால் ஏழாவது படத்தைப் பெரிதாக்கி இரண்டு பிரதி போடச் சொன்னாள். ஒரு பிரதி அவள் வீட்டுச் சமையலறையில் மணமக்கள் நேராக, அம்மா ஆகாயத்திலிருந்து பாய்ந்து வரும்படி மாட்டியிருந்தது. இன்னொரு பிரதி நோவாக்கம்மாவின் படுக்கையறையில். அங்கே மணமக்கள் தலைகீழாகத் தொங்குவார்கள், அவள் நேராகக் குதிப்பாள்.

துணிக்கொடியிலிருந்த அட்டையை யார் எடுத்தார்கள் என்று தெரியாது. எல்லோரும் தெருப்பக்கமே காயப்போட ஆரம்பித்தோம்.

அடுத்த ஜூலையில் மூன்று கூடாரங்கள் ப்ரேரோவுக்குப் போயின: நோவாக், கிளெம், நான். ரோஸி கேமராவைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. "பயமா இருக்குடி, போன தடவை மாதிரி ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்றாள் என்னிடம். மூன்றாம் நாள் காலை நோவாக்கம்மா பந்தோடு எங்கள் கூடாரத்துக்கு முன்னால் வந்து நின்றாள். தலைமுதல் கால்வரை வெயில் மட்டும்.

"கிளெம்மம்மா, என்ன தூக்கம்? எங்க அந்தப் பொட்டிக் கேமரா? அர்னோ இன்னிக்குத் தொப்பி இல்லாம விளையாடறாரு. ஓடி வாங்க!"

ரோஸி கூடாரத்துக்குள்ளிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள். வளையத்தை வெயிலுக்குத் திருப்பினாள். சிரிக்கத் தொடங்கிவிட்டிருந்தாள், இன்னும் ஒரு படமும் எடுக்கவில்லை.